மஞ்சள் மேடுகளும் நான் விசாரிக்காமல் விட்ட செய்தியும்

"பழைய குறிப்புப் புத்தகங்களை எறிந்துவிடாதே" என்று எனக்குச் செய்தித்துறையின் அரிச்சுவடியைக் கற்பித்த செய்தி ஆசிரியர் அடிக்கடி சொல்வார். அவருடைய சொல்லைத் தட்டாமல் முப்பது வருடங்களுக்கு மேலாகச் சேர்த்து வைத்ததில் வீட்டில் ஓர் அலுமாரியே நிறைந்துபோயிற்று. சென்ற மாதம் அதில் கறையான் ஏறிவிட்டதென்று மனைவி சத்தமிட்டபோது, எல்லாவற்றையும் வெளியே எடுத்து முற்றத்து வெயிலில் பரப்ப வேண்டியதாயிற்று. அப்படிப் பரப்பும்போதுதான் 2002 ஆம் ஆண்டுக்குரிய ஒரு சிறிய புத்தகம் கையில் தட்டுப்பட்டது. அதன் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "மேற்கே சிவப்புத் தண்ணீர். பண்ணைக்காரர். விசாரி."

நான் விசாரிக்கவில்லை. ஏன் விசாரிக்கவில்லை என்பதையும், விசாரித்திருந்தால் என்ன அறிந்திருப்பேன் என்பதையும் இப்போதாவது எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

2002 ஓகஸ்ட் 26 முதல் செப்ரெம்பர் 4 வரை தென்னாபிரிக்காவின் ஜொஹன்னஸ்பேர்க் நகரில் நிலைபேறான அபிவிருத்திக்கான உலக உச்சிமாநாடு நடைபெற்றது. 1992 இல் ரியோ டி ஜெனெய்ரோவில் கூடிக் கலைந்தவர்கள் பத்து வருடங்கள் கழித்து மீண்டும் கூடிய மாநாடு அது. அப்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த எனக்கு அங்கு செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. எங்கள் ஆசிரியபீடத்துக்கு அந்த மாநாட்டில் பெரிய ஆர்வம் இருந்ததென்று சொல்லமுடியாது. அந்த வருடம் பெப்ரவரியில்தான் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகியிருந்தது. செப்ரெம்பர் நடுப்பகுதியில் தாய்லாந்தின் சத்தாஹிப்பில் பேச்சுவார்த்தை தொடங்கவிருந்தது. பத்திரிகையின் முன்பக்கம் முழுவதும் அதற்கே ஒதுக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. "பெரிய ஆட்கள் பேசுவதை மட்டும் அனுப்பும், மற்றவற்றை வந்து எழுதலாம்" என்று சொல்லித்தான் என்னை வழியனுப்பினார்கள்.

ஜொஹன்னஸ்பேர்க்கில் ஹோட்டல் வாடகை எட்டாத உயரத்தில் இருந்தபடியால், நண்பர் ஒருவரின் ஏற்பாட்டில் லெனேசியாவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய வீட்டில் தங்கினேன். நகரிலிருந்து இந்திய வம்சாவளியினரை நிறவெறி அரசு அப்புறப்படுத்திக் குடியேற்றிய புறநகர்தான் லெனேசியா. எழுபது வயதைத் தாண்டியிருந்த அந்த ஐயாவின் பாட்டனார் தமிழகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். ஐயாவுக்குத் தமிழ் பேச வராது. தேவாரம் மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவார். ஆனால் என்னைத் 'தம்பி' என்றுதான் அழைத்தார். அந்த ஒரு சொல்லைப் பாட்டனாரிடமிருந்து மூன்று தலைமுறை பத்திரமாகக் காப்பாற்றி வந்திருக்கிறது.

அரசுத் தலைவர்கள் கூடியது சாண்டனில். அரசுசாரா அமைப்புகளின் மன்றம் நடந்தது நஸ்ரெக் என்ற கண்காட்சி மைதானத்தில். ஐயா தம்முடைய பழைய காரில் என்னை நஸ்ரெக்கில் இறக்கிவிடுவார். அந்த வழியெங்கும் தட்டையான உச்சியும் செங்குத்தான சரிவும் கொண்ட மஞ்சள் நிற மேடுகள் நின்றன. சில மேடுகள் பத்து மாடிக் கட்டடம் அளவு உயரம். புல் முளைத்தவை சில, மொட்டையானவை பல. முதல் நாள் நான் அவற்றை இயற்கையான குன்றுகள் என்றே நினைத்தேன்.

"தம்பி, இவை கடவுள் செய்த மலைகளல்ல. இவற்றுக்கு வயது நூறுதான்" என்றார் ஐயா ஆங்கிலத்தில். தங்கம் எடுத்தபின் எஞ்சிய கழிவு. ஒரு மேட்டின் உச்சியில் பெரிய வெள்ளைத் திரை தெரிந்தது. டொப் ஸ்டார் என்ற திறந்தவெளித் திரையரங்கு அது. காரில் ஏறி மேட்டின் உச்சிக்குச் சென்று, நகரத்தின் விளக்குகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படம் பார்ப்பார்களாம். ஓகஸ்ட் அங்கே மழையில்லாத, காற்று வீசும் மாதம். மாலையில் அந்த மேடுகளிலிருந்து தூள் புகைபோல எழும். ஐயாவின் மருமகள் நாளுக்கு இரண்டு தடவை யன்னல் விளிம்புகளை ஈரத்துணியால் துடைப்பதைப் பார்த்தேன்.

அந்தத் தூளில் யுரேனியம் இருக்கிறது என்பதை நான் மிகவும் பிந்தியே அறிந்தேன். இங்கே கொஞ்சம் பழங்கதை சொல்லவேண்டும்.

விட்வாட்டர்ஸ்ராண்ட் என்ற அந்த நீண்ட பாறைத்தொடரில் 1886 இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அதே வருடம் ஜொஹன்னஸ்பேர்க் நகரமும் பிறந்தது. மேற்பரப்பில் கிடைத்த பாறையைப் பொடித்துப் பாதரசத்தின்மேல் ஓடவிட்டால் தங்கம் ஒட்டிக்கொண்டது. சில வருடங்களில் சுரங்கம் ஆழமானதும் அந்த முறை கைவிட்டது. ஆழத்துப் பாறையில் பைரைற்று என்ற இரும்புக் கந்தகக் கனிமம் கலந்திருந்ததே காரணம். பங்குகள் சரிந்தன, பலர் ஊரை விட்டுப் போகத் தயாரானார்கள். 1887 இல் ஸ்கொட்லாந்தில் காப்புரிமை பெற்ற சயனைட்டு முறை 1890 இல் அங்கு வந்துசேர்ந்து நகரத்தைக் காப்பாற்றியது. பாறையை மாவாக அரைத்துச் சயனைட்டுக் கரைசலில் ஊறவைத்தால், கண்ணுக்குத் தெரியாத தங்கமும் கரைந்து வந்துவிடும். இன்றுவரை அந்தத் தொடரிலிருந்து எடுக்கப்பட்ட தங்கம் நாற்பதாயிரம் தொன்னுக்கும் அதிகம். ஒரு தொன் பாறையில் சில கிராம் மட்டுமே தங்கம். எஞ்சியது அத்தனையும் மாவாகிய நிலையில் வெளியே கொட்டப்பட்டது.

அந்தப் பாறையில் தங்கத்தோடு யுரேனினைற்று என்ற கனிமமும் இருந்தது. 1920களிலேயே அது பதிவாகியிருந்தபோதிலும் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. யுரேனியத்தை வைத்து அப்போது என்ன செய்வது? 1945 இல் எல்லாம் மாறிவிட்டது. அணுகுண்டுக்கு யுரேனியம் தேடிய அமெரிக்காவும் பிரித்தானியாவும் விட்வாட்டர்ஸ்ராண்ட் பாறை மாதிரிகளைக் கதிரியக்க மானியின் முன் வைத்தன. தரம் மிகக் குறைவு, தொன்னுக்குச் சில நூறு கிராம். யுரேனியத்துக்காக மட்டும் ஒரு சுரங்கத்தைத் தோண்டினால் கட்டுப்படியாகாது. ஆனால் இங்கே தோண்டும் செலவும், இரண்டு மூன்று கிலோமீற்றர் ஆழத்திலிருந்து மேலே ஏற்றும் செலவும், அரைக்கும் செலவும் தங்கத்தின் கணக்கில் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தன. தரங்குறைந்த தாதுவின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு விடயத்தில் அடங்கியிருக்கிறது. 'கழிவு', 'தாது' என்ற இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள எல்லையைச் சந்தைதான் வரைகிறது. சந்தை விலை ஏறினால் நேற்றைய கழிவு இன்றைய தாது.

1952 ஒக்ரோபரில் குறூகர்ஸ்டோர்ப் நகரின் வெஸ்ட் ராண்ட் கொன்சொலிடேற்றட் சுரங்கத்தில் முதலாவது யுரேனிய ஆலையைத் தென்னாபிரிக்கப் பிரதமர் மலான் திறந்துவைத்தார். 1959 ஆம் ஆண்டளவில் 26 சுரங்கங்களின் கழிவுச்சேறு 17 ஆலைகளுக்குச் சென்றது. அந்த யுரேனியம் அமெரிக்க, பிரித்தானிய அணுவாயுதங்களுக்குப் போயிற்று. பின்னர் தென்னாபிரிக்காவே இரகசியமாக ஆறு குண்டுகளைச் செய்து, அவற்றைத் தானே கழற்றி, 1993 மார்ச்சில் உலகுக்கு அறிவித்தது. வாசகர்கள் அறிந்த கதைதான்.

இந்த ஆலைகள் செய்த வேலையைக் கலைப்பட்டதாரியான நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன்; இரசாயனம் படித்த வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். தங்கம் நீங்கிய சேற்றில் சல்பூரிக்கமிலத்தை ஊற்றிச் சூடாக்கிக் கலக்குவார்கள். அமிலம் மட்டும் போதாது. பாறையில் உள்ள யுரேனியம் கரையாத வடிவில் இருக்கிறது. அதை ஒட்சியேற்றினால்தான் கரையும். அந்த வேலையைச் செய்வது அமிலத்தில் கரைந்துள்ள இரும்பு. இரும்பை அதற்கேற்ற நிலையில் வைத்திருக்க மங்கனீசு ஈரொட்சைட்டைச் சேர்ப்பார்கள். கரைந்து வந்த யுரேனியத்தைப் பிசின் மணிகள் நிரப்பிய தொட்டிகளினூடாகச் செலுத்தினால் மணிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். பின்னர் மணிகளைக் கழுவி, கழுவிய நீரில் அமோனியாவைச் சேர்த்தால் 'யெலோ கேக்' எனப்படும் மஞ்சள் நிறப் படிவு அடியில் தங்கும். இத்தனைக்கும் தேவைப்பட்ட சல்பூரிக்கமிலம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அதே கழிவிலிருந்து பைரைற்றைப் பிரித்தெடுத்து எரித்தே அமிலம் செய்தார்கள். 1890 இல் நகரத்தை மூடவைக்கப் பார்த்த அதே பைரைற்று.

அமிலம், இரும்பு, ஒட்சிசன் என்ற இந்த மூன்றையும் வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இனி மாநாட்டுக்கு வருகிறேன்.

செப்ரெம்பர் 3 ஆம் திகதி மாலை நஸ்ரெக் மண்டபத்தில் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையருகே வெயிலில் கன்றிய முகத்துடன் ஒரு வெள்ளையர் நின்றார். கையில் பிளாஸ்ரிக் போத்தல். உள்ளே வெறுந்தேநீர் நிறத்தில் தண்ணீர், அடியில் செம்மண் போல ஒரு படிவு. குறூகர்ஸ்டோர்ப்புக்கு அப்பால் தமக்கு ஒரு சிறு பண்ணை இருக்கிறதென்றும், சில வாரங்களாகக் கைவிடப்பட்ட சுரங்க வாயொன்றிலிருந்து தண்ணீர் தானாகவே பொங்கி வழிகிறதென்றும், ஓடைக்கரையில் பாசிகூட மிஞ்சவில்லையென்றும் சொன்னார். மறுநாள் காலையில் தாமே காரில் அழைத்துச் சென்று காட்டுவதாகவும் சொன்னார். நஸ்ரெக்கிலிருந்து அந்த இடம் ஒரு மணித்தியாலப் பயணமும் இல்லை.

மறுநாள் மாநாட்டின் இறுதி நாள். அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் கொலின் பவல் பேசவிருந்தார். நான் சாண்டனுக்குப் போனேன். பவல் பேசும்போது சபையில் கூச்சல் எழுந்தது, அவர் இடையில் நிறுத்தவேண்டியும் வந்தது. அதை நான் நேரில் கண்டு எழுதி அனுப்பினேன். ரொய்ட்டரும் ஏ.எப்.பி.யும் எனக்கு முன்பே அனுப்பியிருந்தன. மறுநாள் எங்கள் பத்திரிகையில் வந்தது அவர்களுடைய செய்தி. என்னுடையதில் இரண்டு வரி மட்டும் ஒட்டப்பட்டிருந்தது. பண்ணைக்காரருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கவும் நான் நினைக்கவில்லை.

அந்த வாரத்தின் இன்னொரு மாலைப் பேச்சும் அதே புத்தகத்தில் இருக்கிறது. "உங்கள் நாட்டிலும் இந்த மாதிரிப் பொருள் இருக்கிறதா, தம்பி?" என்று ஐயா கேட்டார். இலங்கையில் கனிமவியல் ஆய்வின் முதலாவது பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, பின்னாளில் கலைவரலாற்று அறிஞராக உலகப்புகழ் பெற்றவர், சப்பிரகமுவ மலைப்பகுதியில் தோரியனைற்று என்ற கதிரியக்கக் கனிமத்தை 1904 அளவில் அடையாளம் காட்டினார் என்று சொன்னேன். லண்டனில் அந்த இலங்கைக் கனிமத்தில் வேலை செய்தபோதுதான் ஓட்டோ ஹான் என்ற இளம் ஜேர்மானியர் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். அணுப்பிளவைக் கண்டறிந்தவர்களில் பிற்காலத்தில் அவரும் ஒருவர். முத்துக் குமாரசுவாமியின் மகன் என்று சொன்னபோது ஐயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை விபரம் தெரிந்திருந்த எனக்கு, மறுபக்கத்து வீட்டு யன்னலில் படிந்த தூளைப் பற்றி ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எட்டு வருடங்கள் கழித்து, 2010 உலகக் கிண்ணக் கால்பந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இறுதியாட்டம் நடந்த சொக்கர் சிற்றி அரங்கு நஸ்ரெக்கில்தான் இருக்கிறது. வானிலிருந்து எடுத்த காட்சியில் ஒரு மஞ்சள் விளிம்பு தெரிந்து மறைந்தது. அதே வருடத்தில் ஜொஹன்னஸ்பேர்க்கின் அடியில் அமில நீர் உயர்ந்துவருகிறதென்ற செய்திகள் உலகப் பத்திரிகைகளில் வரத்தொடங்கின. அவற்றுள் ஒன்றில் ஒரு வாக்கியம் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. மேற்குப் பகுதியில் இந்த நீர் முதன்முதலில் வெளியே வழிந்தது 2002 ஓகஸ்டில் என்று அதில் இருந்தது.

நடந்தது இதுதான். சுரங்கங்கள் இயங்கிய காலமெல்லாம் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். 1990களின் இறுதியில் மேற்குப் பகுதியில் கடைசிச் சுரங்கங்கள் மூடப்பட்டபோது இறைப்பும் நின்றது. ஒன்றோடொன்று தொடுத்துக் கிடந்த சுரங்க அறைகளில் நீர் மெல்ல மெல்ல நிரம்பிற்று. பைரைற்றில் ஒட்சிசனும் நீரும் சேர்ந்தால் சல்பூரிக்கமிலமும் கரைந்த இரும்பும் உண்டாகும். அந்த வேலையைப் பல மடங்கு விரைவுபடுத்தும் பக்றீரியாக்களும் உண்டு. 1947 இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்க நீரில் முதன்முதலாக இனங்காணப்பட்ட அவை, இரும்பையும் கந்தகத்தையும் ஒட்சியேற்றியே உயிர்வாழ்பவை. ஆலையில் மனிதன் காசு கொடுத்துச் சேர்த்த அமிலமும் இரும்பும் ஒட்சியேற்றமும் நிலத்தடியில் இலவசமாக நடந்தேறின. யுரேனியமும் கரைந்தது.

கனடாவின் எலியட் லேக்கில் 1960களில் இதே பக்றீரியாக்களை வைத்தே, சுரங்கச் சுவர்களை நீரால் கழுவி யுரேனியம் எடுத்திருக்கிறார்கள். அங்கே கழுவிய நீர் ஆலைக்குப் போயிற்று. குறூகர்ஸ்டோர்ப்பில் அது ஓடைக்குப் போயிற்று. இரசாயனத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. பிசின் மணிகள் நிரப்பிய தொட்டி ஒன்று முனையில் இருந்தால் அதற்குப் பெயர் யுரேனியப் பிரித்தெடுப்பு. இல்லாவிட்டால் அதற்குப் பெயர் மாசு. 1952 ஒக்ரோபரில் முதலாவது ஆலை திறக்கப்பட்ட அதே குறூகர்ஸ்டோர்ப்பில், ஐம்பது வருடங்களுக்கு இரண்டு மாதம் குறைவான ஒரு நாளில், நிலம் தன்பாட்டிலேயே அந்த ஆலையைத் திரும்பவும் இயக்கத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் நானும் ஆயிரக்கணக்கான பத்திரிகையாளர்களும் அங்கிருந்து சில பத்துக் கிலோமீற்றர் தொலைவில் உட்கார்ந்து, நிலைபேறான அபிவிருத்தி என்றால் என்ன என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்த நீரை முதலில் றொபின்சன் ஏரிக்கு இறைத்தார்கள். ஒரு காலத்தில் மக்கள் ஓய்வுநாளைக் கழிக்கச் சென்ற ஏரி. அதில் லீற்றருக்கு 16 மில்லிகிராம் யுரேனியம் பதிவாகியது. குடிநீரில் 30 மைக்கிரோகிராமுக்கு மேற்படக் கூடாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதனோடு ஒப்பிட்டால் ஐந்நூறு மடங்குக்கு மேல். ஏரி கதிரியக்கப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. எனக்கு அந்த எண்ணை வேறொரு விதமாகப் பார்க்கத் தோன்றியது. பத்து இலட்சம் லீற்றர் அந்த நீரில் 16 கிலோ யுரேனியம் இருக்கிறது. உலகச் சந்தையில் நாடுகள் விலைபேசி வாங்கும் அதே உலோகம்தான். சுரங்கத்தின் நீர் ருவீலோபீஸ் ஓடை வழியாகக் குறூகர்ஸ்டோர்ப் வனவிலங்குச் சரணாலயத்தினுள் சென்றது. அதற்கும் கீழே, மனிதகுலத்தின் தொட்டில் என்று யுனெஸ்கோ 1999 இல் உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட குகைப்பிரதேசம் இருக்கிறது. 2012 இல்தான் அமிலத்தைச் சுண்ணாம்பால் முறிக்கும் நிலையம் அப்பகுதியில் முறையாக இயங்கத் தொடங்கியது. சுண்ணாம்பு அமிலத்தையும் இரும்பையும் நீக்கும்; சல்பேற்று உப்பு பெருமளவில் நீரிலேயே தங்கிவிடும்.

இதைத் தேடிப் படித்தபோது அறிந்த இன்னொரு விடயம் என்னைப் பல இரவுகள் யோசிக்க வைத்தது. விட்வாட்டர்ஸ்ராண்ட் பாறை சுமார் 280 கோடி வருடங்களுக்கு முன்னர் ஆற்றுப் படுக்கையாக இருந்தது. அதிலுள்ள பைரைற்றும் யுரேனினைற்றும் கூழாங்கற்களைப் போல உருண்டு தேய்ந்திருக்கின்றன. இன்றைய ஆற்றில் அவை அப்படி உருண்டால் சீக்கிரமே ஒட்சியேறிக் கரைந்துபோயிருக்கும். அந்தக் காலத்து வளிமண்டலத்தில் ஒட்சிசன் அநேகமாக இல்லாதபடியால்தான் அவை தப்பின என்று புவியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். பின்னர் பூமியின் காற்றில் ஒட்சிசன் நிறைந்தது. ஆனால் அதற்குள் அவை பாறையினடியில் புதைந்து மூடப்பட்டுவிட்டன. சுரங்கம் வெட்டி, அரைத்து மாவாக்கி, வெளிக்காற்றில் கொட்டும்வரை அந்தக் கனிமம் ஒட்சிசனைச் சந்திக்கவேயில்லை. கருங்கல்லாகக் கிடந்திருந்தால் மேற்பரப்பு மாத்திரம் அரிபடும். மாவாகிவிட்டபடியால் ஒவ்வொரு துகளும் அகப்பட்டுவிட்டது.

எவ்வளவு மாவு? சுமார் 270 கழிவு மேடுகள், 400 சதுர கிலோமீற்றர் பரப்பில், 600 கோடி தொன் என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. அதற்குள் ஆறு இலட்சம் தொன் வரை யுரேனியம் இருக்கலாம் என்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் தொன்னுக்கு நூறு கிராம். அப்படியானால் ஏன் எடுக்கவில்லை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எடுக்கத்தான் செய்தார்கள். ஏர்கோ என்ற நிறுவனம் 1970களின் இறுதியில் பழைய மேடுகளை உயரழுத்த நீர்த்தாரையால் கரைத்து, குழாய்வழியே ஆலைக்கு அனுப்பி, தங்கம், யுரேனியம், சல்பூரிக்கமிலம் ஆகிய மூன்றையும் பிரித்தெடுத்தது. கழிவிலிருந்து கந்தகத்தையும் அகற்றிவிடும் வேலை என்பதால், நான் படித்தவற்றுள் ஓரளவு அறிவுபூர்வமாக எனக்குத் தோன்றியது இதுவே. பின்னர் யுரேனிய விலை விழுந்தது, தங்கத்தோடு நின்றுகொண்டார்கள். நாங்கள் மாநாட்டில் இருந்த 2002 இல் ஓர் இறாத்தல் யுரேனிய ஒட்சைட்டின் விலை ஏறத்தாழ பத்து டொலர். 2007 இல் 130 டொலரைத் தாண்டியது. பிறகு விழுந்து, 2024 ஜனவரியில் நூறைத் தாண்டியது. விலை ஏறும் ஒவ்வொரு தடவையும் 'கழிவைச் செல்வமாக்குவோம்' என்ற அறிக்கைகள் வரும். விலை இறங்கியதும் மேடுகள் பாதி கரைந்த நிலையில், உள்ளேயுள்ள புதிய மாவு காற்றுக்கும் மழைக்கும் திறந்தபடி நிற்கும். குறூகர்ஸ்டோர்ப்பில் பழைய கழிவைச் சலித்துக்கொண்டிருந்த மின்ரெயில்ஸ் நிறுவனம் 2018 இல் கலைக்கப்பட்டபோது, இடத்தைச் சீர்செய்ய வேண்டிய செலவில் மிகச் சிறிய பங்கே ஒதுக்கப்பட்டிருந்தது.

யுரேனியத்தை எடுத்துவிட்டால் கழிவு துப்புரவாகிவிடும் என்று சொல்பவர்களையும் நான் முழுவதும் நம்பவில்லை. யுரேனியம் சிதைந்து பிறந்த தோரியமும் ரேடியமும் அமிலத்தில் எளிதில் வருவதில்லை. பெரும்பாலும் சேற்றிலேயே தங்கிவிடும். யுரேனியம் போனபின்னும் தாதுவின் கதிரியக்கத்தில் சுமார் 85 வீதம் கழிவிலேயே எஞ்சுகிறது. ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் 1,600 வருடங்கள். கெகிசோவுக்கு அருகே ரியூடர் ஷாப்ற் என்ற குடிசைக் குடியிருப்பு அத்தகைய கழிவின்மேலேயே எழுந்தது. அங்கிருந்த மக்களை இடம்மாற்றுவதா, கழிவை இடம்மாற்றுவதா என்று 2010களில் நீதிமன்றம் வரை போனார்கள். ஆனால் மேடுகளைத் தொடவே கூடாது, அப்படியே விடவேண்டும் என்ற வாதமும் எனக்கு உடன்பாடில்லை. அப்படியே விட்டால் அவை அப்படியே இருப்பதில்லை என்பதைத்தானே அந்தப் போத்தல் காட்டிற்று? யாரும் இயக்காத ஆலை அங்கே இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கிறது. கேள்வி, அதன் வாயில் யார் தொட்டி வைப்பது, யார் செலவில் வைப்பது என்பதுதான்.

ஒரு செய்தியும் தாதுவைப் போன்றதுதானோ என்று சில வேளை நினைப்பதுண்டு. 2002 இல் அந்தச் சிவப்புத் தண்ணீர் எங்கள் ஆசிரியபீடத்துக்குத் தரங்குறைந்த பாறை. நான் அனுப்பியிருந்தாலும் ஆறாம் பக்கத்தின் மூலையில் வந்திருக்குமோ என்னவோ. 2010 இல் அதற்கு விலை ஏறியபோது எழுதியவர்கள் வேறு பலர். அதனால் பண்ணைக்காரருக்கு என்ன ஆயிற்று என்பதுதான் என்னை உறுத்துகிறது. தொண்டை வரண்டுபோகப் பல மேசைகளில் அந்தப் போத்தலைக் காட்டிக் களைத்துப்போய், கடைசியில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஓர் ஆசிய இளைஞனிடம் வந்திருப்பார். அவன் தலையாட்டினான், எழுதிக்கொண்டான், வரவில்லை.

டொப் ஸ்டார் மேடு இப்போது இல்லை. திரையரங்கு மூடப்பட்டபின் தங்கத்துக்காக அதைக் கரைத்துவிட்டார்கள். லெனேசியா ஐயாவும் காலமாகிப் பல வருடங்களாகின்றன. அவருடைய மகள் பண்டிகைக்கு எனக்கு இன்றும் மின்னஞ்சல் அனுப்புவார். குறூகர்ஸ்டோர்ப்பில் பழைய மின்ரெயில்ஸ் மேடுகளை வாங்கிய பான் ஆபிரிக்கன் ரிசோர்சஸ் நிறுவனம் 2024 இல் அங்கே புதிய ஆலையைத் திறந்திருக்கிறது, எடுப்பது தங்கம். தங்கம் எடுத்தபின் எஞ்சும் சேறு எங்கே போகிறது, அதிலுள்ள பைரைற்றை என்ன செய்கிறார்கள், ருவீலோபீஸ் ஓடையில் இப்போது தண்ணீர் என்ன நிறம் என்று ஐயாவின் மகளிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். அவருக்குத் தெரிந்த ஒருவர் ஓடைப் பக்கம் வசிக்கிறாராம். சனிக்கிழமை போய்ப் பார்த்து, படமும் எடுத்து அனுப்புவதாகப் பதில் வந்திருக்கிறது.

குறிப்புப் புத்தகம் காய்ந்துவிட்டது. அதை மட்டும் அலுமாரிக்குள் திருப்பி வைக்கவில்லை. கணினிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். படங்கள் வந்ததும் இங்கே போடுகிறேன்.